நூற்றுப்பதினாறாவது கிலோமீட்டர்

ஜோசப்பின் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் அந்த உப்பில்லாத சாம்பாரில் இருந்துதான் நான் தொடங்க வேண்டும். 2023 செப்டம்பர் மாதம், மழை நாள். காலையில் கரண்ட் இல்லாத அவசரத்தில் சாம்பாருக்கு உப்புப் போட மறந்துவிட்டேன். மத்தியானம் ஆபீஸில் டப்பாவைத் திறந்து எப்போதும்போல் அவருக்குப் பாதி ஊற்றினேன். நான் ஒரு வாய் வைத்து முகத்தைச் சுளித்துக்கொண்டு நிமிர்ந்தால், அவர் பாதிச் சோற்றைத் தாண்டியிருந்தார். முழுதும் சாப்பிட்டு, தட்டைக் கழுவி வைத்துவிட்டு, "நல்லா இருந்துச்சு விசாலம்" என்றார்.

எனக்குச் சுள்ளென்று வந்துவிட்டது. "என்னக்கா, நக்கலா?" என்றேன். அவர் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். அப்போதுதான் உறைத்தது, அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை. அவர் கணவரைப் புதைத்து அன்றோடு ஒரு மாதம் ஆகியிருந்தது.

என் பெயர் விசாலாட்சி. பிறந்த ஊர் பழனி, அப்பாவுக்கு அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை. கல்யாணம் முடிந்து கொடைக்கானல் வந்து பதினெட்டு வருடம் ஆகிறது. எனக்கு வாய் நீளம் என்று மாமியார் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். அவர் வாயின் நீளத்தை அளக்க நான் யாரையும் கூப்பிட்டதில்லை. இந்தக் கதையில் என் வாயும் ஒரு வேலை செய்திருக்கிறது, அதனால் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்.

நாங்கள் வேலை பார்ப்பது ஐம்பத்தெட்டு நாடுகளில் இருக்கும் ஒரு நிவாரண அமைப்பில். எங்காவது வெள்ளம், பஞ்சம், சண்டை என்றால் கூடாரமும் மருந்தும் கொண்டுபோகிறவர்கள். தலைமையகம் ஜெனீவாவில். அந்த அமைப்பின் எழுத்து வேலையில் ஒரு பகுதி கொடைக்கானலில், ஏரிக்கு மேலே ஒரு பழைய பங்களாவில் நடக்கிறது. இங்கே சம்பளம் கம்மி, இங்கிலீஷ் தெரிந்த ஆட்கள் ஜாஸ்தி. வேறு பெரிய காரணம் எதுவும் கிடையாது.

ஜோசப்பின் அக்கா அங்கே இருபத்திரண்டு வருடமாக இருக்கிறார். டைப்பிஸ்டாகச் சேர்ந்தவர். இப்போது ஐம்பத்தாறு வயது. அவருடைய மகன் டெனிஸ் இதே பங்களாவில் கிளார்க்காகச் சேர்ந்து, கெட்டிக்காரன் என்று பேர் வாங்கி, ஆப்பிரிக்காவில் தெற்கு சூடான் நாட்டுக்கு, ஜூபா என்கிற ஊருக்கு வேலைக்குப் போனவன். மகள் ஷைலா திண்டுக்கல்லில் கட்டிக்கொடுத்த இடத்தில் இருக்கிறாள். கணவர் சூசைமாணிக்கம் அண்ணன் முப்பது வருடம் மலைப்பாதையில் டூரிஸ்ட் டாக்ஸி ஓட்டியவர்.

அண்ணனுக்குக் கிட்னி போய் இரண்டு வருடம் இழுத்தது. வாரத்தில் இரண்டு நாள் மதுரை ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். டெனிஸின் வேலைக்கான மருத்துவக் காப்பீட்டில் பெற்றவர்களுக்கும் வைத்தியம் உண்டு. கவுண்டரில் போய் நின்றால் நோயாளி பெயரைக் கேட்க மாட்டார்கள், மகனின் பணியாளர் எண்ணைத்தான் கேட்பார்கள். 40717. ஜோசப்பின் அக்கா அந்த எண்ணை இரண்டு வருடத்தில் எத்தனை முறை சொல்லியிருப்பார் என்று கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

காப்பீடு வந்தது, மகன் வரவில்லை. ஒப்பந்தம் முடியவில்லை, இடத்துக்கு ஆள் இல்லை என்று ஏதாவது ஒன்று. கடைசியாக ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் போனைப் பிடுங்கி, "நீ என் சாவுக்கும் மலை ஏறாதலே" என்று சொல்லிவிட்டார். ஜோசப்பின் அக்காவுக்கு இடது காது மந்தம், எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். இதை எனக்கு அவரே சொன்னார், காய்கறி விலை சொல்கிற குரலில்.

2023 ஆகஸ்ட் பதினெட்டு, வெள்ளிக்கிழமை விடியற்காலையில் அண்ணன் மதுரையிலேயே போய்விட்டார். டெனிஸுக்குச் சொன்னார்கள். "பாக்குறேன்" என்று சொல்லி வைத்துவிட்டான். சனிக்கிழமை நாலு மணிக்கு அடக்கம் என்று இருந்ததை, மழையும் மஞ்சும் இறங்கியதால் மூன்று மணிக்கு எடுத்தார்கள். மகன் போட வேண்டிய முதல் பிடி மண்ணை மருமகன் டிக்சன் போட்டார். ராத்திரி டெனிஸ் போன் செய்து, "டிக்கெட் கெடைக்கலம்மா" என்றான். "சரி" என்றார் ஜோசப்பின் அக்கா. அவ்வளவுதான்.

நாலாம் நாள் வேலைக்கு வந்துவிட்டார். அழுது நான் பார்க்கவில்லை. சிரிக்கவும் இல்லை. கேட்டதற்குப் பதில் சொல்வார், கொடுத்ததைச் சாப்பிடுவார். ஒரு மனுஷி இப்படி இருந்தால் பக்கத்து நாற்காலியில் இருப்பவளுக்கு எப்படி இருக்கும் என்று யாராவது யோசித்தார்களா. ஒரு தடவை, "அக்கா, ஒரு பாட்டம் அழுது தொலைங்களேன்" என்றே சொல்லிவிட்டேன். "வரலையே விசாலம்" என்றார். பிள்ளை மேல் கோபமா என்று கேட்டேன். அதுவும் வரவில்லை என்றார்.

கோபம் எல்லாம் ஷைலாவுக்குத்தான் வந்தது. வருடம் திரும்பியதும் கல்லறை கட்டும் பேச்சு வந்தது. அதுவரை மரச்சிலுவைதான் நின்றது. நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாளன்று சர்ச்சில் இருந்து சாமியார் வந்து மந்திரிப்பதற்குள் கல் வைத்துவிட வேண்டும். வத்தலக்குண்டு பொன்னுவேலிடம் கறுப்புக் கல்லுக்குச் சொல்லியாகிவிட்டது. கல்லில் இறந்தவர் பெயருக்குக் கீழே, 'நீங்கா நினைவில் வாடும்' என்று போட்டு வீட்டு ஆட்கள் பெயரை வெட்டுவார்கள். மனைவி ஜோசப்பின், மகள் ஷைலா, மருமகன் டிக்சன். அதோடு நிறுத்தச் சொன்னாள் ஷைலா. "வராதவன் பேரு எதுக்கு?" என்பது அவள் கேள்வி. ஜோசப்பின் அக்கா மூன்று பெயரையும் எழுதி அனுப்பிவிட்டார். நாலாவது பெயரைப் பற்றிச் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

பெயர் கல்லில் இல்லாவிட்டால் இல்லாததுதான். நாளைக்கு இவர் காலமும் முடிந்த பிறகு, அந்த வீட்டில் ஒரு மகன் பிறந்தான் என்பதற்கு ஊரில் வேறு சாட்சி கிடையாது. எனக்கு அது மனதை அறுத்துக்கொண்டே இருந்தது. அவருக்கு இருந்ததா என்று தெரியவில்லை.

இந்த நேரத்தில்தான் புகைக் கணக்கு வந்து சேர்ந்தது.

எங்கள் மொத்த அமைப்பும் ஒரு வருடத்தில் எவ்வளவு கரியமில வாயுவைக் காற்றில் விடுகிறது என்று அளப்பது என 2024இல் ஜெனீவாவில் முடிவு செய்தார்கள். விமானம், கார், ஜெனரேட்டர், சமையல் கேஸ், விறகு, எல்லாம். 2023ஆம் வருடத்தை அடிப்படையாக வைத்து, வரும் வருடங்களில் அதிலிருந்து குறைத்துக்கொண்டே போக வேண்டுமாம். நல்ல விஷயம்தான், நான் குறை சொல்லவில்லை. இதை எங்களுக்குக் கற்றுக்கொடுக்க ஜெனீவாவில் இருந்து இரண்டு பேர் விமானம் ஏறி மதுரையில் இறங்கி, ஆளுக்கொரு கார் பிடித்து மலைக்கு வந்தார்கள். ஊருக்குத்தான் உபதேசம். இவர்கள் வந்த புகையை எந்த வருடத்துக் கணக்கில் எழுதுவது என்று நான் கேட்டேன். எங்கள் மேனேஜர் ஆக்ஸிலியா மேடம் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தார்.

வேலை இதுதான். விமானத்தில் போனவர்களின் ஒவ்வொரு பயணத்துக்கும் தூரம் பார்த்து, அதைக் கிலோவாக மாற்ற வேண்டும். அதுவும் எங்கள் பங்களாவின் கேஸ், விறகுக் கணக்கும் ஜோசப்பின் அக்காவுக்கு. கார், டாக்ஸி, ஜீப் எல்லாம் எனக்கு. யார் போனார்கள் என்று தெரியக் கூடாது என்பதற்காகப் பெயர்களை எடுத்துவிட்டார்கள். பணியாளர் எண்ணை மட்டும் விட்டுவைத்தார்கள். ஒரே ஆளின் விமானத்தையும் டாக்ஸியையும் ஒரு பயணமாகச் சேர்க்க அது வேண்டும். பன்னிரண்டாயிரம் பேரில் எண்ணைப் பார்த்து ஆளைக் கண்டுபிடிக்க யாரால் முடியும் என்று நினைத்திருப்பார்கள். ஆஸ்பத்திரிக் கவுண்டரில் அந்த எண்ணைச் சொல்லிச் சொல்லியே புருஷனுக்கு வைத்தியம் பார்த்த ஒருத்தி இந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்.

அக்காவுக்கு அந்த வேலை நன்றாகவே ஒத்துப்போனது. உணர்ச்சி ஒன்றும் தேவையில்லாத சோலி. காலையில் வெள்ளனே வந்து உட்கார்ந்தால் சாயங்காலம் வரை தலை நிமிராது. ஒரு கிலோவைக்கூட விட மாட்டார். ஹோட்டல் வகை சிலிண்டர் பத்தொன்பது கிலோ, வீட்டுச் சிலிண்டருக்கான கணக்கை இதற்குப் போடக் கூடாது என்று ஜெனீவாவுக்கே எழுதித் திருத்த வைத்தார். மழையில் நனைந்த யூகலிப்டஸ் விறகை அப்படியே எடை போட்டால் பாதி தண்ணீர் என்று சொல்லி, காய வைத்து மறுபடி எடை போட வைத்தார். தோட்டக்காரர் என்னிடம் வந்து, "அந்தம்மாவுக்கு என்னம்மா ஆச்சு?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

நான் அப்படி இல்லை. என் தாளில் ஒரு வசதி உண்டு. போன இடத்தின் பெயரைப் போட்டால், அதற்கு எவ்வளவு தூரம் என்று கம்ப்யூட்டருக்கே தெரியும். டாக்ஸி பில்லில் உள்ள கிலோமீட்டர் அதோடு ஒத்துப்போகாவிட்டால் கட்டம் சிவப்பாகிவிடும். பக்கத்தில் 'திருத்து' என்று ஒரு பட்டன். அமுக்கினால் கம்ப்யூட்டர் தூரம் வந்து உட்காரும், சிவப்பு பச்சையாகிவிடும். எவன் கேட்கப் போகிறான். நூற்றுக்கணக்கில் அமுக்கியிருக்கிறேன்.

அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை. போன வருடத்து ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான தாள்கள் அன்றைக்குத்தான் வந்தன. டாக்ஸித் தாளில் நம் ஊர்ப் பெயர் கண்ணில் பட்டது. மதுரை ஏர்போர்ட்டில் இருந்து கொடைக்கானல், போக வர. கம்ப்யூட்டர் கணக்குக்கு இருநூற்று ஐம்பத்தாறு கிலோமீட்டர். பில்லில் இருநூற்று முப்பத்திரண்டு. காத்திருந்த நேரம் ஒரு மணி நாற்பது நிமிஷம். கட்டம் சிவப்பாக நின்றது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தமாகவே சொன்னேன். "யக்கா, இங்க பாருங்க ஒரு கூத்த. எவனோ ஒரு புண்ணியவான் ஏர்போர்ட்ல எறங்கி நம்மூருக்கு டாக்ஸி பிடிச்சு வந்து, பாதி மலையில திரும்பிட்டான். வளைவுல வாந்தி எடுத்துட்டான் போல. ஒரு மணி நாப்பது நிமிசம் வாந்தி எடுத்துருக்கான்."

அக்கா தலை நிமிராமல், "எத்தனை கிலோமீட்டர்?" என்றார்.

"போக வர இருநூத்தி முப்பத்தி ரெண்டு."

"அப்ப ஒரு வழிக்கு நூத்திப் பதினாறு. அது பெருமாள்மலை, நமக்கு முந்துன ஊரு." கொஞ்சம் கழித்து, "என்ன தேதி?" என்றார்.

"ஆகஸ்ட் பத்தொன்பது."

"நம்பர் படி."

நான் விளையாட்டாகவே படித்தேன். நாலு, சைபர், ஏழு, ஒண்ணு, ஏழு.

அவர் எழுந்து போனார். குழாயடியில் டிபன் டப்பாவைக் கழுவுகிற சத்தம் கேட்டது. காலையிலேயே கழுவி வைத்த டப்பா அது. திரும்பி வந்து உட்கார்ந்து, தன்னுடைய விமானத் தாளைத் திறந்து, அந்த எண்ணைத் தேடினார். அப்போதும் எனக்கு மண்டையில் ஏறவில்லை. எழுந்து போய் அவர் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். ஆகஸ்ட் பதினெட்டு, ஜூபாவில் இருந்து அடிஸ் அபாபா. அங்கிருந்து மும்பை. பத்தொன்பது மத்தியானம் மும்பையில் இருந்து மதுரை. இருபதாம் தேதி அதே வழியாகத் திரும்பல். பயண நோக்கம் என்ற கட்டத்தில் 'சி' என்று இருந்தது. நெருங்கின சொந்தத்தில் சாவு விழுந்தால் அமைப்பே டிக்கெட் எடுத்துக் கொடுக்கும், அதற்குத்தான் அந்த எழுத்து.

"இது டெனிஸ் நம்பர்" என்றார் அக்கா.

என் நாக்கை அறுத்துப் போட்டிருக்கலாம். வாந்தி எடுத்தான் என்று சிரித்தேனே, பாவி. "அக்கா, நான் தெரியாம..." என்று இழுத்தேன்.

அவர் காதில் விழவில்லை. விமானத்துக்கான கிலோவைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். ஒன்றே முக்கால் டன் வந்தது. அதை இரண்டு தடவை சரிபார்த்தார். "ஒன்னே முக்கா டன் பொகையப் போட்டுட்டு வந்துருக்கான்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "போக வர மிச்சம் இருபத்தி நாலு கிலோமீட்டருக்கு எவ்வளவு விசாலம்?" என்று கேட்டார்.

நான் பார்த்துச் சொன்னேன். நாலு கிலோ.

"இன்னும் நாலு கிலோ போட்டுருந்தா வீட்டுக்கு வந்துருப்பான்" என்றார்.

குரலில் ஒன்றும் இல்லை. அன்றைக்கு முழுக்க நான் வாயைத் திறக்கவில்லை. ஆக்ஸிலியா மேடம் உடம்பு சரியில்லையா என்று வந்து கேட்டார்.

மறுநாள் காலையில் நான் அந்தச் சிவப்புக் கட்டத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மனதில் ஒரு யோசனை. பட்டனை அமுக்கிவிட்டால் தூரம் இருநூற்று ஐம்பத்தாறு ஆகிவிடும். தாளின்படி அவன் ஏர்போர்ட்டில் இருந்து கொடைக்கானல் வந்து திரும்பினவன் ஆகிவிடுவான். அக்காவிடம் சொன்னேன். "எல்லாத்துக்கும் அமுக்குறதுதான். இதுக்கும் அமுக்கிரட்டாக்கா?"

"வேண்டாம்."

"நாலு கிலோதானக்கா. வந்ததா இருந்துட்டுப் போகட்டுமே."

"போகாத தூரத்துக்கு எதுக்குப் பொகையப் போடணும்?" என்றார். அவரே என் கீபோர்டை இழுத்து, குறிப்பு எழுதும் இடத்தில் 'பெருமாள்மலை வரை' என்று இங்கிலீஷில் அடித்தார். பிறகு, "அன்னைக்கு ராத்திரி போன் லைன் ரொம்பச் சுத்தமா இருந்துச்சு. ஜூபாவுல இருந்து பேசுனா எரைச்சலா இருக்கும். எனக்கு அப்பவே தோணலையே" என்றார்.

அவன் மதுரையில் ஏதோ லாட்ஜில் படுத்துக்கொண்டு அம்மாவிடம் டிக்கெட் கிடைக்கவில்லை என்று சொல்லியிருக்கிறான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவன் எதிரே நின்றிருந்தால் ரெண்டு அறை விட்டிருப்பேன். அறைந்துவிட்டுக் கட்டிக்கொண்டு அழுதிருப்பேனோ என்னவோ, அதுவும் தெரியவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் கல் வெட்டுகிற பொன்னுவேல் போன் செய்தான். ஸ்பீக்கர்தான், எனக்கும் கேட்டது.

"யக்கா, எழுத்து வெட்ட நாளைக்குக் காலையில உக்காருறேன். மூணு பேருதான? வெட்டிட்டேன்னா அப்புறம் நடுவுல சேக்க முடியாது, பாத்துக்கங்க."

"வெள்ளனே போன் பண்ணுப்பா. சொல்றேன்" என்றார் அக்கா.

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "வாசப் படிக்கு வர்றியா விசாலம். டெனிசுகிட்டப் பேசணும். கூட இரு."

ஊழியர்களின் பயண விவரத்தைச் சொந்த விஷயத்துக்குப் பயன்படுத்த மாட்டோம் என்று இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறோம். அது எனக்கு நினைவு வந்தது. வந்தால் என்ன. போனேன். போர்ட்டிகோ படியில் உட்கார்ந்தோம். ஏரி பக்கம் மஞ்சு ஏறிக்கொண்டிருந்தது. ஜூபாவில் அப்போது காலைப் பொழுது. இரண்டு ரிங்கில் எடுத்துவிட்டான். பின்னால் ஜெனரேட்டர் இரைகிற சத்தம்.

"ஏலே டெனிசு, சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேம்மா. என்ன இந்நேரம்? ஞாயித்துக்கெழமதான பேசுவ?"

"பெருமாள்மலையில ஒன்னேமுக்கா மணி நேரம் என்னலே பண்ணுன?"

அந்தப் பக்கம் ஜெனரேட்டர் மட்டும் கேட்டது. லைன் போய்விட்டதோ என்று நான் எட்டிப் பார்த்தேன். போகவில்லை.

"யாரும்மா சொன்னது?"

"யாரும் சொல்லல. டாக்ஸி பில்லு எங்க கைக்கு வந்துச்சு."

அவன் சத்தத்தை விட்டுத் தள்ளிப் போய்ப் பேசினான். "ரோட்டு ஓரமா நின்னோம். மழை. டாக்ஸி ஸ்டாண்டுல ஒரு வண்டி கெடையாது. எல்லாரும் அப்பா அடக்கத்துக்கு மேல போயிருந்தாங்க. கொஞ்ச நேரத்துல ஒவ்வொரு வண்டியா எறங்கி வந்துச்சு. கண்ணாடியில கறுப்புத் துணி கட்டியிருந்துச்சு. எடுத்தாச்சுன்னு தெரிஞ்சுபோச்சு."

"வீட்டுக்கு வந்துருக்கலாம்ல."

"மலை ஏறாதன்னு சொல்லிட்டாரே."

"சொன்னது அவரு. நான் சொல்லலையே."

"நீயும் பக்கத்துலதானம்மா இருந்த. நீ ஏதாச்சும் சொல்லுவன்னு பாத்தேன். சும்மாதான இருந்த."

நான் நடுவில் புகுந்து அவனைத் திட்டப் போனேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். பிடி இறுக்கமாக இருந்தது, கண்ணாடி வளையல் மணிக்கட்டில் அழுந்தியது.

"ஆமாலே" என்றார். "சும்மாதான் இருந்தேன்."

போனை வைக்கப் போகிறார் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"டீ குடிச்சியா?"

"எப்பம்மா?"

"அன்னைக்கு. பெருமாள்மலையில."

"இல்லம்மா."

"குளுருமே" என்றார்.

அந்தப் பக்கம் அவன் அழுதான். ஆம்பிளைகள் அழுகிற மாதிரி மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதான். இவர் அழவில்லை. மடியில் போனை வைத்துக்கொண்டு, அவன் ஓய்கிற வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் டெனிஸ், டிசம்பரில் லீவு கேட்டிருப்பதாகச் சொன்னான். "கெடைச்சா வா" என்று சொல்லி வைத்தார்.

உள்ளே வந்து சாப்பிட உட்கார்ந்தோம். மணி இரண்டரை. அன்றைக்கு நான் வைத்துக் கொண்டுவந்தது புளிக்குழம்பு. இரண்டாவது வாயில் அக்கா கையை நிறுத்தினார்.

"உப்பு சாஸ்தியா கெடக்கு விசாலம்."

நிஜமாகவே கொஞ்சம் ஜாஸ்திதான். வேறு யாராவது என் குழம்பைச் சொல்லியிருந்தால் உண்டு இல்லை என்று பண்ணியிருப்பேன். அன்றைக்கு எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது, மோர் ஊற்றிச் சாப்பிடுங்கள் என்று சொல்லி ஊற்றினேன்.

மறுநாள் காலை நான் ஆபீஸுக்குள் நுழையும்போது அவர் பொன்னுவேலிடம் போனில் பேசி முடித்துவிட்டிருந்தார். என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் இருந்தது என் வாழ்நாளில் அது ஒன்றுதான்.

நவம்பர் இரண்டாம் தேதி சாயங்காலம் கல்லறைத் தோட்டத்துக்கு நானும் போனேன். ஒவ்வொரு கல்லறையிலும் மெழுகுவத்தி, செவ்வந்திப்பூ, சாம்பிராணி. காற்றில் மெழுகுவத்தி அணைந்து அணைந்து போனது. சூசைமாணிக்கம் அண்ணனின் கல் புதுசாகக் கறுப்பாக நின்றது. ஷைலாவும் டிக்சனும் திண்டுக்கல்லில் இருந்து நேராக அங்கேயே வந்திருந்தார்கள். சாமியார் தீர்த்தம் தெளித்து அடுத்த கல்லறைக்கு நகர்ந்த பிறகுதான் ஷைலா குனிந்து எழுத்தைப் படித்தாள். நீங்கா நினைவில் வாடும் மனைவி ஜோசப்பின், மகன் டெனிஸ், மகள் ஷைலா, மருமகன் டிக்சன்.

அவள் முகம் சிவந்துவிட்டது. பக்கத்துக் கல்லறைக்காரர்கள் பார்க்கிறார்கள் என்றும் பார்க்கவில்லை.

"வராதவன் பேர எதுக்கும்மா போட்ட?"

ஜோசப்பின் அக்கா அணைந்த மெழுகுவத்தி ஒன்றை இன்னொன்றில் காட்டிப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். கல்லின் மேல் அதை நட்டுவிட்டு, கையால் காற்றை மறைத்துக்கொண்டு சொன்னார்.

"வந்தான் ஷைலா. பன்னெண்டு கிலோமீட்டர் கொறைய வந்தான்."